குடத்தில் இல்லாத பெயர்

தியான பகுதி: 1 சாமுவேல் 16:1-13



நம் உத்திரமேரூர் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறு பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நல்ல முறைதான். ஆனால் குடத்திற்குள் யார் பெயர் போகும்? கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். சாஸ்திரம் படித்திருக்க வேண்டும். கூலிக்காரன் பெயர் போகாது. ஓலை எடுத்தானே அந்தப் பையன், அவன் பெயரும் உள்ளே இல்லை!

தேவபிள்ளையே, இன்றைக்கும் உலகம் ஒரு குடம் வைத்திருக்கிறது. மார்க், நிறம், ஜாதி, பணம், இங்கிலீஷ் உள்ளவன் பெயர்தான் அதில் விழுகிறது. "என் பேரு எதிலயும் இல்ல, நான் எதுக்குமே லாயக்கில்ல" என்று பிசாசு உன் காதில் ஓதுகிறான். அவன் பொய்யன்.

வெட்கத்தோடு ஒன்று சொல்லுகிறேன். ஒரு வருஷம் பரீட்சை முடிவு வந்த ஞாயிறு, நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளை மேடைக்கு அழைத்து ஜெபித்தேன். ஆராதனை முடிந்து பார்த்தால், வாரந்தோறும் பாய் விரிக்கிற தம்பி வெளியே செருப்பு கிடக்கிற இடத்தில் நிற்கிறான். "ஏம்பா உள்ள வரல?" என்றேன். "ஃபெயில் ஆனவங்களுக்கும் ஜெபம் உண்டா அய்யா?" என்று கேட்டான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அந்தக் குடத்தை சபைக்குள் கொண்டுவந்து வைத்தவன் நானே!

ஈசாயின் வீட்டில் நடந்ததும் இதுதான். தீர்க்கதரிசி வந்திருக்கிறார், ஏழு குமாரர் வரிசையில் நிற்கிறார்கள். எட்டாவது பிள்ளையைத் தகப்பனே கூப்பிடவில்லை. அவன் ஆட்டுக்குப் பின்னால் இருக்கிறான். ஆனால் அவன் வருமட்டும் சாமுவேல் பந்தியில் உட்கார சம்மதிக்கவில்லை. மனுஷன் முகத்தைப் பார்த்தான், கர்த்தரோ இருதயத்தைப் பார்த்தார். அல்லேலூயா!

இன்னொன்றையும் கவனியுங்கள். அபிஷேகம் பெற்ற பிறகும் மூத்த அண்ணன் எலியாப் தாவீதை இளக்காரமாகத்தான் பேசினான் (17:28). வீட்டார் வாய் உடனே மாறவில்லை. தாவீதின் தைரியம் வீட்டாரின் மெச்சுதலில் இல்லை, அழைத்தவரில் இருந்தது. உன் பெயர் ஓலையில் அல்ல, கர்த்தருடைய உள்ளங்கையில் இருக்கிறது. ஏசாயா 49:16-ஐ முழங்காலில் நின்று வாசித்துப் பார்.

பெற்றோரே, பத்தாவது, பிளஸ் டூ முடிவில் முதலிடம் யாருக்கு என்று அறிவிப்பதை 2017-ல் நம் அரசாங்கமே நிறுத்திவிட்டது. நம் வீட்டில் நிறுத்தினோமா? "எதிர்வீட்டுப் பொண்ணைப் பாரு" என்று சொல்லாதிருங்கள். முடிவு வருகிற நாளில் முதலில் பிள்ளைக்குச் சோறு போடுங்கள். தவறிய பாடத்தைத் துணைத் தேர்வில் எழுதலாம். பிள்ளை போனால் திரும்ப வராது.

தம்பி, தங்கச்சி, சாக வேண்டும் என்ற நினைவு வந்தால் மறைக்காதே. அம்மாவிடமோ, டீச்சரிடமோ, போதகரிடமோ உடனே சொல். 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் போன் பண்ணலாம். பிள்ளைகளுக்கு 1098 உண்டு. டாக்டரிடம் போவது அவிசுவாசம் அல்ல. பவுலோடு ஊழியத்தில் இருந்த லூக்காவும் வைத்தியன்தான் (கொலோ. 4:14).

அந்தத் தம்பியை அடுத்த ஞாயிறு முன்னே அழைத்து, சபையார் முன்பாக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எழுப்புதல் வேண்டும் என்று ஜெபிக்கிறோமே, அது செருப்பு கிடக்கிற இடத்தில் நிற்கிற பிள்ளையை உள்ளே அழைப்பதில் தொடங்கட்டும்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, ஒதுக்கப்பட்டேன் என்று அழுகிற ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடும். எங்கள் வீடுகளிலுள்ள குடத்தை உடைத்துப்போடும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே, ஆமென்.