கதவை அடைத்தவரின் கடன்

2020 மார்ச் நடுப்பகுதியில், கொரோனா தொற்று பரவியபோது, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருந்த நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் உறவினருக்குக் கதவை அடைத்தன. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் தள்ளாத வயதினர்; பலருக்கு மறதிநோய். சாகும் தறுவாயில் இருப்பவரைப் பார்க்க வருவோருக்கு விதிவிலக்கு இருந்தது. அன்றாடம் வந்து போன பிள்ளைகளுக்கு இல்லை. நோக்கம் உயிர் காப்பதுதான், அதில் ஐயமில்லை. ஆனாலும் ஒருவருடைய உயிரைக் காப்பதற்காக, அவர் யாருடைய வரவுக்காக நாளெல்லாம் காத்திருக்கிறாரோ அவரையே விலக்கி வைக்கலாமா? உயிரா உறவா என்ற போட்டியாகவே பலர் இதைப் பேசினார்கள். அந்தப் போட்டி பொய்யானது என்று நினைக்கிறேன். தொற்றைத் தடுக்க உறவை வாசலில் நிறுத்துகிற நிறுவனம், நிறுத்திய அந்த நொடியே உறவினர் செய்துவந்த அத்தனைக்கும் கடன்பட்டுவிடுகிறது. அந்தக் கடனைத் தீர்க்க வழியில்லாவிட்டால் கதவை அடைத்தே வைத்திருக்க அதற்கு உரிமையும் இல்லை.

இந்தக் கேள்வி புதிதல்ல. பௌத்த விநயத்தின் மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வயிற்றுப்போக்கு கண்ட துறவி ஒருவர் தன் கழிவிலேயே கிடக்கிறார், கவனிக்க ஆளில்லை. விகாரையைச் சுற்றிப் பார்த்துவரும் புத்தர் அவரைக் காண்கிறார். ஆனந்தர் தண்ணீர் கொண்டுவருகிறார். புத்தர் ஊற்ற, ஆனந்தர் அவர் உடலைக் கழுவுகிறார். பிறகு தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். மற்றத் துறவிகளை அழைத்து ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால், அவரால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்று பதில் வருகிறது. உங்களைப் பார்த்துக்கொள்ளத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. நீங்களே ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டால் யார் பார்ப்பார்கள் என்பது புத்தர் கேட்டதன் சாரம். குடும்பத்தை விட்டு வரச் சொன்ன சங்கம் குடும்பத்தின் வேலையை ஏற்றே ஆகவேண்டும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் துறவிக்குக் கிடைத்த கருணை, தண்ணீரும் தேய்த்த கையுமாக வந்தது. தூய்மைப்படுத்துவது ஒரு வேலை, அன்பு காட்டுவது வேறொரு வேலை என்று அங்கே பிரிக்கவே முடியாது.

ஒன்ராறியோவில் நடந்ததை இந்த அளவுகோலால் பார்க்கவேண்டும். முதல் அலையில் கனடாவில் கொரோனாவால் இறந்ததாகப் பதிவானவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் பராமரிப்பு இல்லவாசிகள். ஐந்து இல்லங்களில் உதவிக்குப் போன கனடிய ராணுவத்தினரின் அறிக்கை 2020 மே மாதம் வெளியானது. வாரக்கணக்கில் குளிப்பாட்டப்படாதவர்கள், கரப்பான்பூச்சிகள், தொற்றாளர் அறையில் அணிந்த பாதுகாப்பு உடையைக் கழற்றாமலே அடுத்த அறைக்குள் நுழைந்த பணியாளர்கள் என்று அது அடுக்கியது. மாகாணத்தின் 600-க்கும் மேற்பட்ட இல்லங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வில், அறைகளில் நெரிசல் மிகுந்த இல்லங்களில் தொற்றும் மரணமும் மற்றவற்றைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தன. நான்கு கட்டில், ஒரே கழிவறை, நடுவே ஒரு துணித்திரை. அந்த நால்வரையும் கவனிக்கும் பணியாளர், ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகுமுன் கிருமிநாசினியைக் கையில் ஊற்றி இருபது நொடியாவது தேய்க்கவேண்டும். ஒரு முறைப்பணியில் எத்தனை முறை அப்படித் தேய்க்க வேண்டியிருக்கும், அதற்கு ஆளும் நேரமும் கொடுக்கப்பட்டனவா என்று கேட்காமல் அவரைக் குறைசொல்வது அநியாயம். ஒரே இடத்தில் முழுநேர வேலை கிடைக்காமல் இரண்டு மூன்று இல்லங்களுக்கு ஓடியவர்கள் அவர்கள். ஒருவர் ஒரே இல்லத்தில்தான் பணிபுரியலாம் என்ற ஆணை ஏப்ரலில்தான் வந்தது. உறவினர் வெளியே நின்றார்கள். கிருமி மற்ற எல்லா வழியாகவும் போய்வந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தன் மகளைப் பார்க்க விரும்பும் முதியவர் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை, பக்கத்துக் கட்டில்காரரின் உயிரையும் சேர்த்தே வைக்கிறார். தொற்று கண்ணுக்கும் தெரியாது: சியாட்டில் பகுதி இல்லம் ஒன்றில் 2020 மார்ச்சில் சோதித்தபோது, தொற்று உறுதியான 48 பேரில் 27 பேருக்கு அந்த வேளையில் அறிகுறியே இல்லை. ஆகவே அன்பின் பெயரால் யாரும் எப்படியும் வந்துபோகலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணியாளருக்குக் கற்றுத்தரக்கூடிய முகக்கவசத்தையும் கைகழுவும் முறையையும் மகளுக்கும் கற்றுத்தரலாம் அல்லவா? நெதர்லாந்தில் 2020 மே மாதம் 26 இல்லங்களில், ஒரு முதியவருக்கு ஒருவர் என்ற நிபந்தனையோடு கதவைத் திறந்து பார்த்தார்கள். முதல் மூன்று வாரங்களில் அங்கே புதிய தொற்று எதுவும் பதிவாகவில்லை. சிறிய சோதனைதான், குறுகிய காலம்தான். என்றாலும் வேறு வழியே இல்லை என்ற வாதத்தை உடைக்க அது போதும்.

தொடக்கத்தில் எதுவும் தெரியவில்லை, முகக்கவசமே தட்டுப்பாடு என்பார்கள். சரி, சில வாரங்களுக்கு அந்தச் சமாதானம் செல்லும். மாதங்களுக்குச் செல்லாது. மறதிநோய் உள்ளவருக்கு முகக்கவசம் அணிந்த அந்நியர் ஊட்டும் சோறும் மகள் ஊட்டும் சோறும் ஒன்றல்ல. சாப்பிட மறுத்து உடல் மெலிந்துபோவதும் உயிர்ச்சேதம்தான். வயதானவர்கள், விதி முடிந்தது, இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று எதிர்ப்பக்கமிருந்து வரும் பேச்சை இன்னும் கடுமையாக மறுக்கவேண்டும். நான்கு கட்டில் அறையை விதி கட்டவில்லை. வரவுசெலவுக் கணக்குப் பார்த்து மனிதர்கள் கட்டினார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பருக்குள் ஒன்ராறியோ ஒரு முதியவருக்கு இரண்டு பராமரிப்பாளர் வரை அத்தியாவசியமானவர்கள் என்று ஏற்றது. 2021-இல் இயற்றிய சட்டம் அந்த உறவை இல்லவாசியின் உரிமையாகவே எழுதியது. ஒவ்வோர் இல்லத்திலும் தொற்றுத்தடுப்புக்குப் பொறுப்பான ஒருவர் இருக்கவேண்டும் என்றும் சொன்னது. இரண்டும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றது எனக்கு நிறைவளிக்கிறது. ஆனால் பெயர் கொடுக்க ஒருவருமே இல்லாத முதியவருக்கு அந்த உரிமை வெறும் தாள். கதவு திறந்தாலும் அவரைப் பார்க்க யாரும் வரப்போவதில்லை. அந்தத் துறவியின் நிலையில் உண்மையிலேயே இருப்பவர் அவர்தான். அவருக்கான கடன் முழுவதும் இல்லத்தின்மீதே விழுகிறது. அதே சட்டம் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி நான்கு மணி நேர நேரடிப் பராமரிப்பை இலக்காக வைத்தது. குளிப்பாட்டி, ஊட்டி, கட்டில் மாற்றிய பிறகு அவர் அருகே சும்மா உட்கார்ந்து பேச அதில் எத்தனை நிமிடம் மிஞ்சும் என்பதை இனிக் கணக்கிட வேண்டும்.