பார்க்கிறவருக்கும் வலிக்கும்

கரிசல் காட்டில் வேலிக்கருவை முள்ளுக்குத் தப்பிய கால் கிடையாது. முள் தைத்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நிற்கிறவர்தான் முதலில் 'ஸ்ஸ்' என்பார்.

அது பாவனை இல்லை. 2006-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் குழு சுண்டெலிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தது. கூட இருந்த எலி வலியில் துடிப்பதைக் கண்ட எலிக்கு, தனக்கு இருந்த வலியும் கூடியது. ஒரே கூண்டில் பழகிய எலிகளிடம்தான் இது நடந்தது. அந்நிய எலிகளிடம் நடக்கவில்லை. 2008-இல் மனிதர்களிடம் நடந்த சோதனை இன்னும் யோசிக்கவைக்கிறது. ஒருவர்மேல் இரக்கம் சுரந்தவர்களுக்கு, தங்கள் தோலில் பட்ட அதே அளவு சூடு, இரக்கம் சுரக்காதவர்களைவிட அதிகமாக வலித்தது.

படித்ததும் எனக்குப் பயம்தான் வந்தது. இரக்கப்பட்டால் உடம்பே கூடுதலாக நோகும் என்றால், மனசை மரத்துப்போக வைப்பதுதானே பிழைக்கிற வழி? சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்த செய்தி வந்தால் சட்டென்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோமே, அது இந்த வழிதான். அப்படிப் புரட்டுகிறவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாங்க முடியாமல்தான் புரட்டுகிறார்கள்.

ஆனால் என் சித்தி வேறு மாதிரி. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் வந்தவள். யாருக்கு முள் தைத்தாலும் அவள் மேல்தான் முதலில் கூசும். ஆனால் ஊசியைக் கையில் எடுத்துவிட்டால் முகம் மாறிவிடும். குதிகாலை மடியில் வைத்து, முள் போன தடத்தைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, தோலை மெல்லக் கீறி, முனையை நெம்பி எடுப்பாள். கடைசியில் ஒரு சொட்டு எருக்கம்பால். "சும்மா பாத்துக்கிட்டு நின்னாத்தான்டா கூசும். கை வச்சிட்டா ஒண்ணும் தெரியாது" என்பாள்.

ஓல்கா கிளிமெக்கியும் தானியா சிங்கரும் செய்த ஆய்வு அவள் சொன்னதற்குப் பக்கத்தில் வருகிறது. பிறர் துயரத்தை அப்படியே உணரப் பழகியவர்கள் சோர்ந்துபோனார்கள். அவர்களே பிறகு, துயரப்படுகிறவர் நன்றாக இருக்கவேண்டும் என்று அன்போடு நினைக்கப் பழகியதும் தேறினார்கள். அது மனசுக்குக் கொடுத்த பயிற்சி. சித்திக்கு அது கைவழியே வந்தது. வலியைக் குறைக்க உணர்ச்சியைக் குறைக்கவேண்டியதில்லை என்று நான் நம்புவது இதனால்தான்.

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமிக்கு இது தெரிந்திருந்தது. அவருடைய 'ராஜா வந்திருக்கிறார்' கதையில், உடம்பெல்லாம் சிரங்கோடு வந்த அநாதைப் பையனை ஏழைத் தாயம்மாள் தீபாவளிக்குக் குளிப்பாட்டிவிடுகிறாள். புருஷனுக்கென்று வாங்கிய துண்டு அவன் இடுப்புக்குப் போகிறது. அந்தப் பையன் அவள் பெற்ற பிள்ளை இல்லை, சொந்தமும் இல்லை. கூண்டுக்கு வெளியே இருந்து வந்தவன்.