குடிநோயும் திருவருட்டுணையும்



இரதசப்தமி நன்னாளிலே திருவண்ணாமலைப் பெருமான் கலசப்பாக்கத்துக்கு எழுந்தருளி, அவ்வூர்த் திருமாமுடீசுவரப் பெருமானும் உடனாகச் செய்யாற்றில் தீர்த்தவாரி கண்டருளுதல் நீவிர் அறிந்ததே. சென்ற ஆண்டு அத்திருநாளையொட்டி, அவ்வூரன்பர் சிலர் விழைந்தவாறு நேச நாயனார் வரலாற்றை எடுத்துப் பேசினோம். காம்பீலி நகரில் சாலியர் மரபில் தோன்றிய அப்பெரியார், தறிமேல் இருந்தவாறே சிவத்தொண்டு புரிந்து முத்தி எய்தினர். ஆரணிப் பட்டு நெய்யும் குடும்பத்தார் பலர் அவையில் இருந்தமையின், நெசவும் தொண்டாதல் கூடும் என்பதையே விரித்துரைத்தோம்.

பேச்சு முடிந்து யாவரும் கலைந்தபின், அம்மையார் ஒருவர் தூணருகே ஒதுங்கி நின்று, "சுவாமி, என் வீட்டுக்காரரும் நெசவுக்காரர்தாம். காலையில் அவர் கை நடுங்குகிறது. அறுந்த இழையைப் பிணைக்க முடியவில்லை. குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது; நின்றபிறகுதான் நாடாவைத் தொடுகிறார். இது பாவமா, நோயா? பாவமென்றால் பரிகாரம் சொல்லுங்கள். நோயென்றால் எங்கே போவது என்று சொல்லுங்கள்" என்றார். அன்று யாம் கூறிய விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் நூல்களை நோக்கியும் மருத்துவரை வினவியும் தெளிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

மதுவுண்டல் மாபாதகங்களுள் ஒன்றென்று நூல்கள் கூறுதலில் ஐயமில்லை. திருமூலர் தம் முதற்றந்திரத்திலேயே கள்ளுண்ணாமையைத் தனித்து ஓதினர். திருவள்ளுவரோ அதனைப் பொருட்பாலில் வைத்தனர். அறத்துப்பாலில் வையாமை ஏனென்பார்க்கு, குடியால் அழிவது குடிப்பானது மறுமை மட்டுமன்று, அவன் மனையும் தொழிலும் ஊரும் ஆதலின் என்று யாம் விடை கூறுவோம். இவ்விதிகளெல்லாம் பெரும்பாலும் குடியாதானை நோக்கி, 'குடியாதே' என்று எழுந்தவை. ஏற்கெனவே குடியில் வீழ்ந்து எழமாட்டாது கிடப்பானுக்கு அவ்விதியை மட்டும் எடுத்தோதி அமைதல், கிணற்றில் வீழ்ந்தானுக்குக் கிணற்றங்கரையில் நின்று, 'இதன் அருகே வாராதே' என்பதனை ஒக்கும்.

இப்பிழையை யாமும் செய்தோம் என்பதை மறைத்தல் தகாது. பல்லாண்டுகளுக்கு முன்னர், ஒரு மடத்தின் குருபூசை நாளில், திருநீறு பெறவேண்டி ஒருவர் வரிசையில் நின்றார். மதுநாற்றம் வீசியது. "விட்டபின் வாரும்" என்று கூறி அனுப்பினோம். அவர் தலைகுனிந்து சென்றார், மீண்டும் வந்திலர். ஆசாரத்தைக் காத்தோமென்று அன்று மகிழ்ந்தோம்.

நோயென்பது யாது? அவ்வம்மையார் சொல்லிய கைந்நடுக்கமே அதற்கு நல்ல சான்று. சாராயச்சத்து மூளையின் எழுச்சியை அடக்குவது. நாடோறும் அடக்கப்படும் மூளை, அதனை எதிர்த்துத் தன் எழுச்சியை மிகுத்துக்கொள்ளும். ஆதலின் முன்னர்க் குறைந்த அளவால் பெற்ற மயக்கத்துக்குப் பின்னர்ப் பேரளவு வேண்டப்படுகின்றது. ஒருநாள் மது உள்ளே செல்லாதாயின், எதிர்த்து நின்ற எழுச்சி மட்டும் தடையின்றி மிஞ்சும். அதுவே கைந்நடுக்கமாயும் வியர்வையாயும் உறக்கமின்மையாயும் நெஞ்சுப் படபடப்பாயும் தோன்றுவது. மீண்டும் குடித்தவுடன் அது தணிதலால், குடியே மருந்துபோல் தோற்றும். இன்பம் கருதிக் குடிக்கத் தொடங்கியவன், துன்பம் பொறாமையாற் குடிப்பவனாக மாறும் இடம் இதுவே. 1976-ஆம் ஆண்டு எட்வர்ட்சு, கிராசு என்னும் மருத்துவர் இருவர் இந்நிலையை வரையறுத்து எழுதினர். குடிக்கவேண்டுமென்னும் அடங்கா வேட்கையும், தொடங்கினால் நிறுத்தமாட்டாமையும், குடியைச் சுற்றியே பிறவெல்லாம் சுருங்குதலும் அவர் காட்டிய குறிகளுட் சில. கேடு கண்கூடாகக் கண்டும் தொடர்தலை இன்றைய மருத்துவ நூல்கள் அவற்றோடு சேர்த்து எண்ணும். இவ்வியாதி ஒரு சிலர்க்கே உரியதென்று நினையற்க. நடுவணரசு அனைத்திந்திய மருத்துவ அறிவியற் கழகத்தைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்நாட்டில் மதுவருந்துவோர் ஏறத்தாழ 16 கோடிப் பேர். அவருள் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர் பிறர் உதவி வேண்டும் நிலையில் உள்ளோர்.

'நோயென்றால் வினை எங்கே போயிற்று? குடித்தவன் மேல் குற்றமே இல்லையோ?' என்று நம்மவர் வினவுவர். முதற்கிண்ணத்தை எடுத்தது அவன் செய்த வினையே, மறுப்பாரில்லை. வினைப்பயன் உடலில் நோயாக வந்து பொருந்தும் என்பதும் நம் சித்தாந்தமே. மருத்துவன் சில நோயை அறுத்துக் கீறித் தீர்ப்பான், சில நோயைப் பாலும் கட்டியும் கலந்தளித்துத் தீர்ப்பான். இறைவன் இன்பதுன்பங்களை நுகர்வித்து வினை தீர்ப்பதும் அத்தன்மைத்து என்று அருணந்தி சிவனார் சித்தியாரில் உவமை காட்டினர். வினையால் வந்தது என்பதுபற்றி மருந்து வேண்டாவென விலக்கினார் நம் ஆசிரியருள் ஒருவருமிலர். முன்வினையால் காலொடிந்தானையும் நாம் கட்டுக்கட்டித்தானே வைக்கின்றோம்!

குடிப்பவன் தன் நோயை ஒப்புக்கொள்ளாமையே வீட்டாரை மிக வருத்துவது. "நான் நினைத்தால் நாளைக்கே விடுவேன்" என்பான். நிதானமாகவே நெய்வதாகச் சொல்லுவான். இதனைப் பொய்யென்று கொள்ளுதல் எளிது. புறவிருள் பொருள்களை மறைத்தாலும் தான் இருளென்பதை நமக்குக் காட்டும். ஆணவவிருளோ பிறிதொன்றையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்று உமாபதி சிவனார் திருவருட்பயனில் அருளினர். மதுமயக்கமும் ஒருபுடை அதனை ஒப்பதே. மயங்கியவன் தான் மயங்கினமையை அறியான். ஆதலின் அவன் கூற்றைப் பொய்யென்று இகழ்தலினும், அவனால் காணமுடியாததொன்றைக் காட்டுதற்கு உரிய காலமும் முறையும் தேர்தலே தக்கது. களித்திருப்பவனிடம் நியாயம் பேசுதல் பயனிலதென்பதை, நீரில் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடும் உவமையால் வள்ளுவர் காட்டினர். தெளிந்திருக்கும் காலைப்பொழுதிலே, ஏச்சின்றி, நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே சொல்லுதல் வேண்டும்.

இனி, "அவனே மனம்வைத்துத் திருந்தட்டும்" என்பாரை நோக்கி ஒன்று வினவுவோம். உயிர் தானே அறியுமோ? அறிவிக்க அறிவது உயிர் என்பதும், சார்ந்ததன் வண்ணமாவது அதன் இயல்பென்பதும் சிவஞானபோத மாணவர் யாவரும் அறிந்தன. கண்ணுக்கு ஒளி உண்டேனும் கதிரொளி உதவாவிடத்து அது காணமாட்டாது. இவ்வாறு நாடோறும் பாடம் சொல்லும் நாம், குடிநோயாளன் ஒருவன் வந்தால் மட்டும் அவ்வுயிர் பிறர் துணையின்றித் தானே எழும் என்று கூறுதல் நம் சித்தாந்தத்துக்கே மாறாகும். படிகம் எதனருகே வைக்கப்படுகின்றதோ அதன் நிறத்தைக் கொள்ளும். அதனை இடம்பெயர்த்து வைப்பார் ஒருவர் வேண்டும்.

ஈண்டுத் திருக்கோயில் தொண்டரும் மடத்தாரும் உளங்கொள்ளவேண்டுவது ஒன்றுளது. குடிப்பவனைச் சந்நிதியில் நிறுத்திச் சத்தியம் வாங்கிக் காப்புக் கட்டும் வழக்கம் நம் நாட்டிற் பரவியுள்ளது. மிதமாகக் குடிப்பார்க்கு அது நன்மை பயக்கலாம். காலையில் கைந்நடுங்கும் அளவுக்குப் பழகியவனோ, ஒரேநாளில் முற்றும் நிறுத்துவனாயின் உயிர்க்கே இடையூறு நேரக்கூடும். நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வருதல் உண்டு. இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் மனந்தடுமாறி, இல்லாதவற்றைக் கண்டும் கேட்டும் அலறுதல் உண்டு. இதனைப் பேய்பிடித்ததென்று கருதிக் கட்டிவைப்பாரும் வேப்பிலை அடிப்பாரும் உளர். அது பேயன்று, மருத்துவமனையில் மருந்தளித்துத் தணிக்கவேண்டிய ஆபத்து. உறக்கமருந்தும், தையமின் என்னும் உயிர்ச்சத்தும் மருத்துவர் மேற்பார்வையில் சின்னாள் கொடுக்கப்பெறின் பெரும்பாலோர் இடரின்றிக் கடப்பர். ஆகவே, சத்தியம் வாங்குவோர் முதலில் மருத்துவரிடம் அனுப்புக. காப்பினை மருத்துவமனையினின்று மீண்டபின் கட்டலாம். சிவபெருமான் காத்திருப்பார்.

மற்றொன்று: கணவனுக்குத் தெரியாமல் உணவிற் கலந்துகொடுக்கும் பொடிகள் என்று விளம்பரப்படுத்துவோரை நம்பற்க. மருந்துக்கடைச் சரக்காகிய டைசல்பிராம் என்பது, அதனை உண்டவன் மதுவருந்தினால் முகஞ்சிவந்து நெஞ்சு படபடத்து இரத்த அழுத்தம் தாழச் செய்வது. அறிந்து இசைந்தானுக்கு மருத்துவர் கொடுப்பின் அது ஒரு வேலி. அறியாதானுக்கு மறைவிற் கொடுப்பின் நஞ்சாகவும் முடியும். வேட்கையைக் குறைக்கும் நால்டிரக்சோன், அகாம்பிரோசேட்டு முதலிய வேறு மருந்துகளும் இக்காலத்து உள்ளன. எதுவாயினும் மருத்துவர் கூற்றின்படியே கொள்ளத்தக்கது.

வீட்டார் செய்யத்தக்கது யாது என்பதற்குத் திலகவதியாரினும் சிறந்த எடுத்துக்காட்டை யாம் அறியோம். சூலைநோயால் வருந்திய மருணீக்கியார், பாடலியில் சமணர் செய்த மந்திரமும் மருந்தும் பலியாமையால், அடிசிற்காரனைத் தமக்கையாரிடம் விடுத்தார். அம்மையார் அங்கு வர மறுத்தார். தம்பியின்பால் உயிரை வைத்திருந்தவர் மறுத்தார் என்பதை நோக்குக. தம்பி இரவோடு இரவாகத் திருவதிகைக்குத் தாமே நடந்து வந்தபோதோ, கதவை அடைத்தாரில்லை. பழையதை எடுத்துக் குத்தினாரில்லை. திருநீறளித்தார், புலர்காலையில் அலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு தம்மினும் பெரிய துணையாகிய வீரட்டானத்துறைவாரிடம் உடனழைத்துச் சென்றார். குடிநோயாளனின் மனைவியர் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்து அல்லற்படுகின்றனர். முதலாளியிடம் அவனுக்காகப் பொய் சொல்லி முன்பணம் வாங்குகின்றனர். அறுத்த சேலைக்குக் கூலி வரும் நாளில் கடனை அடைத்து, அவன் குடியின் விளைவு அவனுக்கே தெரியாதவாறு மூடுகின்றனர். பின்னர்ப் பொறுக்கமாட்டாது ஏசுகின்றனர். அவர்களைக் குறைகூற எமக்கு வாயில்லை. அச்சமும் வறுமையும் அவ்வாறு செய்விக்கின்றன. எனினும் மூடுதலும் ஏசுதலும் இரண்டும் நோயை வளர்க்கும். அடிக்கும் கணவனிடமிருந்து விலகி உயிர்காத்துக்கொள்ளுதலும் திலகவதியார் வழிக்கு மாறன்று.

அரசின் சட்டத்தால் இது தீராதோ என்பார்க்குச் சுருங்கச் சொல்லுவோம். 1937-இல் இராசகோபாலாச்சாரியார் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் சென்னை மாகாணம் முழுதும் பரவியது. 1971-இல் தளர்ந்து, 1974-இல் மீண்டு, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறையில் விற்கின்றது. மறைவிற் காய்ச்சும் சாராயமும் ஒழிந்தபாடில்லை. 2024 சூனில் நம் அண்டை மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடையை மூடுக என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதுவரையில் அவ்வம்மையாரின் கணவருக்கு என்ன வழி?

வழி உண்டு. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், வேலூரில் பாகாயத்து மனநல மையத்திலும், சென்னைக் கீழ்ப்பாக்கத்து அரசு மனநலக் காப்பகத்திலும் இந்நோய்க்கு மருத்துவம் செய்வர். சாந்தி அரங்கநாதன் அம்மையார் சென்னையில் 1980-இல் நிறுவிய தி. த. அரங்கநாதன் ஆராய்ச்சி நிலையம் இத்துறையிலேயே பெயர்பெற்றது. தம் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த துயரே அந்நிலையத்துக்கு வித்தாயிற்று. தொலைபேசியில் 14416 என்னும் எண்ணில் மனநல ஆலோசனையும், 14446 என்னும் எண்ணில் போதை மீட்புக்கான வழிகாட்டலும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

மருத்துவமனையினின்று வெளிவந்தபின் துணை வேண்டும். 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்னும் ஊரில் குடியால் அழிந்துகொண்டிருந்த இருவர், பில் வில்சன் என்பாரும் மருத்துவர் பாபு சுமித்து என்பாரும், ஒருவர்க்கொருவர் துணையாகி மீண்டனர். அவ்வழியே தோன்றிய கூட்டுறவு இன்று தமிழகத்திலும் பல ஊர்களிற் கூடுகின்றது. பெயர் கேளார், கட்டணம் வாங்கார். குடிக்குமுன் தாம் ஆற்றலிலர் என்று ஒப்புதலும், தம்மினும் பெரிய ஆற்றல் ஒன்றனைச் சார்தலும் அவர்தம் முதற்படிகள். கடவுளை அவரவர் கருதியவாறே கொள்க என்று விட்டமையின் சைவர்க்கு அதிற் கூச்சம் வேண்டா. தற்போதமிழந்து அருளைச் சார்தல் என்று நாம் ஏட்டில் எழுதிவைத்ததனை, அவர்கள் ஒவ்வொரு நாளுக்கென்று பழகுகின்றனர். எமக்கு அது சிறிது நாணத்தையும் தந்தது.

மடங்களும் சபைகளும் பொருட்செலவின்றிச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாரம் ஒருநாள் மாலை ஒரு மணிநேரம் மடத்துத் திண்ணையை அத்தகையார் கூடுதற்கு விடலாம். மீண்டவர் ஒருவர் மீளாதாரிடம் பேசுதலைப்போல் நம் விரிவுரை எதுவும் பயன்படாது. தெளிந்திருக்கும் குடியன் பிறனொருவன் களித்திருத்தலைக் காணுங்கால் தன் சோர்வை உணரானோ என வள்ளுவர் அதிகார இறுதியில் வைத்த வினாவுக்கு அத்திண்ணையே விடையாகலாம். மதுவுண்டானுக்குச் சமயதீக்கை தருதல் கூடுமோ என்னும் வழக்கும் எழும். தெளிந்து நிற்கும் காலம் நோக்கி ஆசிரியர் முடிவுசெய்வாராக. திருநீறோ தீக்கையன்று. அது கேட்டு வந்தார்க்கு மறுக்கத்தக்கதன்று. இதனை யாம் காலந்தாழ்த்து அறிந்தோம்.

கலசப்பாக்கத்து அம்மையார், சின்னாட்களுக்கு முன்னர்த் தம் மகனைக்கொண்டு எழுதுவித்த மடல் வந்தது. கணவர் மருத்துவமனையிற் பன்னிரண்டு நாள் இருந்து மீண்டார். நான்கு திங்கள் குடியாதிருந்தார். ஆடி மாதத்தில் வீழ்ந்தார். ஐப்பசியில் மறுபடியும் வீழ்ந்தார். இரண்டுமுறையும் தாமே மருத்துவரிடம் திரும்பச் சென்றாராம். இப்போது தறியில் ஒரு பாவு ஏறியுள்ளது, அறுந்த இழையை அவரே பிணைக்கின்றார் என்று எழுதி, வரும் இரதசப்தமிக்கு இருவரும் ஆற்றங்கரைக்கு வருவோம், திருநீறு தருவீர்களா என்று கேட்டிருந்தார். தருவோமென்று மறுமொழி எழுதியுள்ளோம்.