அண்டை வீட்டாரின் உரிமை

நம் பொருளை நம் இடத்தில் அடுக்கிவைப்பதைப் பிறர் கேட்கலாகாது என்றே எண்ணுகிறோம். 2016 அக்டோபர் 20இல் சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றுகையில் தீப்பற்றியது. புகை அருகிலிருந்த ஸ்கேன் மையத்துள் புகுந்தது. அங்கிருந்தோர் மூச்சுத் திணறினர். குறைந்தது 8 பேர் மாண்டனர். அண்டையில் இருந்ததன்றி அம்மையத்தார் செய்த பிழை யாது?

பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை எனப் போதித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். மாடிப்படியில் குவித்த மூட்டைகளும், வாசலை மறிக்கும் பழைய பீரோவும் அவ்விடரில் அடங்காவோ? வேண்டாதவற்றைத் தேவைப்படுவோர்க்கு ஈவோம். கனத்ததை நகர்த்துமுன் வழியை ஒழிப்போம். கூலியாள் ஒருவர் முதுகிலேயே முழுச்சுமையையும் ஏற்றாதிருப்போம். அயலார் அச்சமின்றி உறங்குவதே நம் இல்லத் தூய்மைக்குச் சான்று.