விளங்க உரைத்தல்

சொல் என்பது கேட்போன் உள்ளத்தே பொருளை விளக்குதற்பொருட்டு எழுந்தது. விளங்காத சொல் ஒலியளவாய் ஒழியும். உலகியற் பேச்சில் இக்குறை நேரின் வினவித் தெளிந்துகொள்ளலாம். சமய நூற்பொருளைப் போதிக்கும் அவைக்கண் அங்ஙனமன்று. ஈண்டுக் கேட்போன் விளங்காமை மாத்திரையின் நில்லாது, பிறழ உணர்ந்து அதனையே மெய்யெனக் கொண்டு செல்வான். இப்பிறழ்ச்சிக்குக் காரணராவார் யாவர் என்பது ஆராயற்பாலது.

ஓர் உதாரணம் காட்டுதும். ஆணவம் என்னுஞ் சொல் உலகவழக்கிற் செருக்கெனப் பொருள்படும். சித்தாந்தத்திலோ அஃது உயிரின் அறிவை அநாதியே மறைத்து நிற்கும் மூலமலம். செருக்கு அதன் காரியங்களுள் ஒன்றேயாம். இவ்வேறுபாட்டைத் தெரிக்காது ஒருவர் ஆணவ இலக்கணத்தை நெடும்பொழுது பேசின், கேட்டோன், 'யான் பணிவுடையேன். எனக்கு ஆணவம் இல்லை' என்றெண்ணி வீடு திரும்புவான். நோயுடையான் தன்னை நோயிலியெனக் கருதின் மருந்தை நாடான். பேசியவர் நூலில் வல்லரேயாயினும், அவர் பேச்சு அவனுக்குத் தீங்காயே முடிந்தது.

அற்றேல், சித்தாந்தம் நுண்பொருளுடைத்தாகலின், பக்குவமில்லார்க்கு விளங்காமை அவர் குறையேயன்றோ எனின், அன்று. பக்குவம் நோக்குதல் யாவர்க்கு எதனை உரைக்கலாமென வரையறுப்பது. உரைக்கப் புகுந்ததனை மயங்க உரைத்தற்கு அஃது இடந்தாராது. தகாதெனக் கண்டவழி வாளா இருத்தலே முறை.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தை 12 சூத்திரங்களாற் சுருங்க அருளியும் அவ்வளவில் அமையாது, மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு எனப் பகுத்து, வார்த்திகமும் உதாரண வெண்பாக்களும் செய்தருளினார். வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனை வைத்து 8ஆம் சூத்திரப் பொருளை விளக்குங்கால், ஐம்பொறிவயப்பட்ட உயிரின் நிலை கல்லாதார்க்கும் புலனாகின்றது. 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் அந்நூற்குச் சிற்றுரையும் மாபாடியமும் வகுத்தமையால், கற்போர் தத்தம் தரத்திற்கேற்பப் பயன்கொள்கின்றனர். ஆறுமுக நாவலர் 1852ஆம் ஆண்டிற் பெரியபுராண வசனத்தை வெளியிட்டமையால், செய்யுட் பயிற்சியில்லாரும் அடியார் வரலாறு உணர்ந்தனர்.

இனி, விளங்க உரைத்தல் பொருளைக் குறைத்தலன்று. அத்துவிதத்தை, 'இரண்டும் ஒரு பொருளே' என்று முடித்துவிடுதல் எளிது. ஆயினும் அது பிழையாம். இறைவன் கலப்பினால் உடலும் உயிரும்போல ஒன்றாயும், பொருட்டன்மையாற் கண்ணும் ஞாயிறும்போல வேறாயும், உயிர்க்குயிராதலாற் கண்ணொளியும் ஆன்மபோதமும்போல உடனாயும் நிற்றலை ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டுதல் வேண்டும். அதற்குக் காலம் மிகச் செல்லினும் அமைக.

மயங்க உரைத்தற்குப் பெரும்பான்மையும் காரணமாவது, தம் கல்வி வியக்கப்படல் வேண்டுமென்னும் வேட்கையே. அவையோரும் விளங்கிற்றிலதென்று கூற நாணித் தலையசைப்பர். இவ்வாற்றான் இருதிறத்தாரும் ஒருவரையொருவர் வஞ்சித்தவராவர். அறிவை மறைத்து நிற்றல் ஆணவத்தின் இயல்பு. விளக்கி நிற்றல் அருளின் இயல்பு. ஆணவத்தைப் பற்றிப் பேசுஞ் சொல்லே அதன் தொழிலைச் செய்தல் தகுமோ? பிரசங்கம் முடிந்தபின் கேட்டோருள் இளையான் ஒருவனை அன்போடு அழைத்து, 'உனக்கு விளங்கியது யாது?' என வினவுக. அவன் கூறும் விடையே பேச்சின் தகுதிக்கு உரைகல்லாம்.

திருச்சிற்றம்பலம்