தேரை நிறுத்திய பயம்

மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாளை சேவித்துவிட்டு, பின்னாலிருக்கும் கிருஷ்ண மண்டபத்துக்குப் போயிருந்தேன். கோவர்த்தன மலையைக் கண்ணன் தாங்கி நிற்க, பக்கத்திலேயே பால் கறக்கும் காட்சி. கறப்பவரைப் பசு லட்சியமே செய்யவில்லை; கன்றை நக்குவதிலேயே கவனமாக இருக்கிறது!

அதைப் பார்த்தபடி நின்ற பெண்ணுக்கு எட்டாவது மாதம். பேச்சுக் கொடுத்ததும் கண் கலங்கிவிட்டது. ''நேத்து ராத்திரியில இருந்து புள்ள சரியா அசையலக்கா. அத்தைகிட்ட சொன்னா, 'பிரசவம் நெருங்கினா அடங்கிடும், சாமி பாத்துக்கும்'னாங்க. நான்தான் நம்பிக்கையில்லாம பயப்படறேனா?''

வாசகிகளே, உங்களில் எத்தனையோ பேர் உங்களையே கேட்டுக்கொண்ட கேள்விதான் இது.

பாகவதத்தில் வரும் உத்தரையை நினைத்துப் பாருங்கள். பாரதப் போர் முடிந்து, கிருஷ்ணர் துவாரகைக்குக் கிளம்பத் தேரில் ஏறிவிட்டார். அஸ்வத்தாமன் ஏவிய அஸ்திரம், உத்தரையின் வயிற்றிலிருக்கும் சிசுவை நோக்கி வருகிறது. 'பகவானே நம் வீட்டில் இருக்கிறாரே, நமக்கென்ன!' என்று அவள் சும்மா இருந்தாளா? நான் எரிந்தாலும் பரவாயில்லை, என் சிசு அழியக்கூடாது என்று கதறியபடி ஓடி வந்தாள். அந்த பயத்தை அவர் அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளவில்லை. பயணத்தை ஒத்திவைத்து, கருவைக் காத்தார். அந்தக் குழந்தைதான் பரீட்சித்து!

அத்தை பாசத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால், பிரசவம் நெருங்க நெருங்க அசைவின் விதம் மாறலாமே தவிர, குறையக்கூடாது என்கிறது மருத்துவம். வயிற்றுக் குழந்தை ஒரு தடவைக்கு 20 முதல் 40 நிமிடம் தூங்கும். 90 நிமிடத்தைத் தாண்டுவது அபூர்வம். 28 வாரத்துக்குப் பிறகு சந்தேகம் வந்தால், இடப்பக்கமாகப் படுத்து 2 மணி நேரம் கவனியுங்கள். 10 அசைவுகூட இல்லையென்றால், 'விடியட்டும்' என்று காத்திருக்காதீர்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் வழக்கத்தைவிடக் குறைவு என்று மனசுக்குப் பட்டாலும் கிளம்பிவிடுங்கள். பரிசோதனையில் பெரும்பாலும் குழந்தை நலமாகவே இருக்கும். 'வீணாக வந்துவிட்டோமே' என்று கூச வேண்டாம்.

ஓடிப் போயும் குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்கள் உண்டு. அவர்களிடம் போய், 'வேண்டுதல் பத்தவில்லை' என்று சொல்கிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. உத்தரைக்குக் கிடைத்தது தங்களுக்குக் கிடைக்காதது ஏன் என்று அவர்கள் கேட்டால், என்னிடம் பதில் இல்லை. அவர்கள் பக்தியில் குறை இல்லை என்பது மட்டும் தெரியும்.

அந்தப் பெண்ணை செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தோம். வழியில்தான் திருக்கழுக்குன்றம். ''மலையேறி சாமி கும்பிட்டுட்டுப் போகட்டுமா?'' என்றாள். ''வண்டியில இருந்தே கும்பிடும்மா. வேதகிரீஸ்வரர் கோவிச்சுக்க மாட்டார்'' என்றேன்.

மாலையில் போன் வந்தது. ''மிஷின் வெச்சுப் பாத்தாங்கக்கா. குதிரை ஓடற மாதிரி சத்தம்!'' ராத்திரி தங்கச் சொல்லியிருக்கிறார்களாம். வார்டு வாசலில் அத்தை உட்கார்ந்து, கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.