ஒத்திப் பணத்தில் ஒரு வீடா?



கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்ததும் பள்ளிவாசல் கட்ட ஓர் இடத்தைத் தேர்ந்தார்கள். அது பேரீச்சம்பழம் உலர்த்தும் களம். ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானது. சிறுவர்கள் இனாமாகவே தர முன்வந்தனர். நாயகம் (ஸல்) அவர்கள் இசையவில்லை. விலை கொடுத்தே வாங்கினார்கள். இறையில்லம் எழும் நிலமானாலும், அது நம் கைக்கு வரும் வழி சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள படிப்பினை.

சென்ற மாதம் இஷாத் தொழுகை முடிந்ததும், தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார்.

"ஹஜரத், சின்ன வீடு ஒன்று விலைக்கு வருகிறது. பன்னிரண்டு இலட்சம். மெஷின் மிதித்து மூன்று இலட்சம் சேர்த்திருக்கிறேன். வீட்டில் அவளுடைய நகையை விற்றால் இரண்டு வரும். பாங்கில் வட்டிக்கு வாங்க மனம் ஒப்பவில்லை. அதனால் வீட்டை ஏழு இலட்சத்துக்கு ஒத்திக்கு விடப் பேசிவிட்டேன். அச்சாரமும் வாங்கியாயிற்று. வயதான காலத்தில் வாடகை வந்தால் பிள்ளைகள் கையை எதிர்பார்க்க வேண்டாமே! துஆச் செய்யுங்கள்."

அவருடைய நிய்யத் நல்லதுதான். உழைத்துச் சேர்த்து, பிறரிடம் கையேந்தாமல் வாழ நினைப்பதை மார்க்கம் விரும்புகிறது. ஆனாலும் கேட்டேன்: "பாய், ஒத்திக்கு வருகிறவர் மாதாமாதம் என்ன தருவார்?"

"ஒன்றும் தரமாட்டார். அதுதான் பணம் தருகிறாரே!"

"மூன்று வருடம் கழித்துக் காலி செய்யும்போது?"

"ஏழு இலட்சத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்."

சகோதரர்களே! முழுதாகத் திருப்பித் தர வேண்டிய பணத்துக்கு என்ன பெயர்? கடன். வாடகையின்றிக் குடியிருப்பது அந்தக் கடனுக்காகக் கிடைக்கும் பயன். கடனுக்கு நிபந்தனையாகப் பெறும் பயன் வட்டியே என்பது ஃபிக்ஹுச் சட்டம். மதீனா வந்த அபூ புர்தா அவர்களை அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியில் வருகிறது. கடன்பட்டவன் ஒரு சுமை வைக்கோலை அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்க வேண்டாம், அது வட்டி என்றார்கள். ஒரு சுமை வைக்கோலே அப்படியென்றால், மூன்று வருடக் குடியிருப்பு எப்படி? வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் இந்தப் பாவத்தில் பங்காளி. பெயருக்கு நூறு ரூபாய் வாடகை என்று எழுதிக்கொள்வதும் தப்ப வழியாகாது. கடனுக்காகக் குறைத்த வாடகையும் கடனின் பயன்தான்.

உலகக் கணக்கும் இதில் உதைக்கிறது. வாடகையே வராத வீட்டிலிருந்து ஏழு இலட்சத்தை எப்படிச் சேர்ப்பது? அடுத்த ஒத்திக்காரரிடம் வாங்கி முந்தியவருக்குக் கொடுப்பார். பத்திரம் பெட்டியில் இருக்கும், வாடகையோ கண்ணில் படாது.

"அப்படியானால் ஏழைக்கு வீடே கிடையாதா, ஹஜரத்?" என்றார் பாய், கலங்கிய குரலில்.

உண்டு. ஒன்று, கையிருப்புக்கு எட்டும் சிறு கடையறையோ மனையோ பாருங்கள். அல்லது கூட்டுச் சேருங்கள். வசதியுள்ள மச்சான் ஏழு இலட்சம் போடட்டும். கடனாக அல்ல, பங்காக! பன்னிரண்டில் ஏழு பங்கு அவருக்கு, மூன்று உங்களுக்கு, இரண்டு உங்கள் மனைவிக்கு. நகை அவருடையது, ஆகவே பங்கும் அவருடையதே. வாடகை 3,600 ரூபாய் என்றால் மச்சானுக்கு 2,100, உங்களுக்கு 900, மனைவிக்கு 600. வீட்டுக்குச் சேதம் வந்தாலும் பங்குப்படியே. பிறகு கையில் பணம் சேரச் சேர, மச்சானின் பங்கை அன்றைய விலைக்குச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

குடி வருபவரிடம் நியாயமான வாடகை வாங்குங்கள். முன்பணம் பாதுகாப்புக்கு மட்டும் போதும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கலாகாது என்கிறது.

பத்திரச் செலவையும் மறக்கக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பன்னிரண்டு இலட்சத்துக்கு 1,08,000 ரூபாய். இதை மிச்சப்படுத்த விலையைக் குறைத்து எழுதுவது பொய். கடனையே எழுதி வைக்கச் சொல்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். பங்கை எழுதாமல் விட்டால் நாளை பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள்.

ஜகாத்தைப் பொறுத்தவரை, வாடகை வீட்டின் விலைக்கு ஜகாத் இல்லை. சேர்ந்திருக்கும் வாடகை நிஸாபை எட்டி ஒரு வருடம் நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு கடமை. விற்று இலாபம் காணும் நோக்கில் வாங்கிய மனையோ வியாபாரப் பொருள். வருடந்தோறும் சந்தை விலைக்கே கணக்கிட வேண்டும்.

அந்தப் பாய் இன்னும் வீடு வாங்கவில்லை. மச்சான் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறாராம். ஆனால் அன்றிரவே ஒத்திக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, அச்சாரப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வீடு இல்லாமலும் அன்று நன்றாகத் தூங்கினேன், ஹஜரத்" என்றார்.

அத்தகைய நிம்மதியான உறக்கத்தையும், ஹலாலான ரிஜ்க்கையும், அதில் பரக்கத்தையும் அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.